லேண்ட் ரோவர் உடம்பில் இசுசு குரல்

காம்பாரிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் தாப்பா. அங்கே இடப்பக்கம் திரும்பி மலைச்சாலையில் ஏறுங்கள். வளைவுகளை எண்ணி எண்ணிப் பிள்ளைகள் களைத்துப்போகும் நேரத்தில் ரிங்லெட் வந்துவிடும். அதற்கு மேல், காய்கறித் தோட்டங்களின் செம்மண் பாதைகளிலிருந்து அந்த வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாலைக்கு இறங்கி வரும். கதவு ஒரு நிறம், உடம்பு வேறு நிறம், முன்கண்ணாடியில் ஒரு விரிசல். பின்னால் முட்டைக்கோஸ் கூடைகள், உரமூட்டைகள், சில நேரம் நான்கைந்து வேலையாட்கள். கேமரன் மலையின் பழைய லேண்ட் ரோவர்கள். ஆயிரக்கணக்கில் அங்கே ஓடுகின்றன. அவற்றில் பல, ஓட்டுகிறவரைவிட வயதில் மூத்தவை.

அடுத்த முறை அப்படி ஒன்று உங்களைக் கடக்கும்போது பார்க்காதீர்கள், கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் பெட்ரோல் இஞ்சினின் மென்மையான முனகல் அங்கே இருக்காது. சந்தைக்கு மீன் ஏற்றி வரும் சின்ன ஜப்பானிய லாரியின் அதே கடகடப்புதான் கேட்கும். போனட்டைத் திறந்தால் காரணம் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இசுசு டீசல் இஞ்சின்.

காம்பார், கோப்பேங், தாப்பா பக்கத்தில் மலையடிவார டுரியான் தோட்டமோ காய்கறி நிலமோ வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு, நாமும் ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்கி இஞ்சினை மாற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருக்கும். மாற்றலாம். ஆனால் இஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பது வேலையில் பாதிகூட இல்லை. மற்ற பாதி எது என்று தெரியாமல் செய்த வண்டி ஏறும்போது ஒன்றும் செய்யாது. இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

பிறப்பிலேயே கலப்பு

லேண்ட் ரோவருக்கு வேறு இஞ்சின் வைப்பது ஏதோ துரோகம் என்று நினைக்கிற ரசிகர்கள் உண்டு. அவர்களிடம் 1947-ஐ நினைவுபடுத்தலாம். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கிய முதல் மாதிரி வண்டி, போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல், ரோவர் காரின் இஞ்சினையும் கியர்பெட்டியையும் பொருத்திச் செய்யப்பட்டது. அதாவது, உலகின் முதல் லேண்ட் ரோவரே ஓர் இஞ்சின் மாற்று வண்டி. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் மக்கள் முன் வந்தபோதுதான் அதற்குச் சொந்த அடிச்சட்டம் இருந்தது.

பிறகும் இது நின்றுவிடவில்லை. 1980களில் ஆஸ்திரேலியாவில் லேண்ட் ரோவர்கள் இசுசுவின் 3.9 லிட்டர் டீசல் இஞ்சினோடு தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தன. அந்நாட்டு ராணுவமும் அதே இஞ்சின் கொண்ட வண்டிகளை வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. நம் நாட்டுக் காடுகளிலோ இதைவிடத் துணிச்சலான கலப்புகள் நடந்திருக்கின்றன. போர் முடிந்ததும் இங்கே கிடந்த ராணுவ லாரிகளை மரம் வெட்டும் முதலாளிகள் வாங்கினார்கள். இஞ்சின் தேய்ந்தால் வேறு இஞ்சின், முறுக்குக் கம்பி இழுக்க ஒரு பெரிய வின்ச், உயரே ஒரு இரும்புச் சட்டம் என்று மாற்றி மாற்றி, 'சான் தாய் வோங்' என்ற பெயரில் காட்டில் கட்டை இழுக்க வைத்தார்கள். மலைக்கு ராஜா என்பது அந்தச் சீனச் சொல்லின் பொருள். அந்த ராஜாக்களின் இருக்கை உலுக்கும் உலுக்கலை நினைத்தால் பட்டம் கொஞ்சம் அதிகம்தான்.

ஏன் இசுசு?

மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர் 1971 முதல் 1985 வரை தயாரானது. அதன் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சினின் கொள்ளளவு 2,286 சிசி. திறன் சுமார் 70 குதிரைத் திறன், முறுக்குவிசை சுமார் 160 நியூட்டன் மீட்டர். நல்ல இஞ்சின்தான். ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகு சிலிண்டர் தேய்ந்திருக்கும், உதிரிப்பாகம் கப்பலில் வர வேண்டும், பெட்ரோலையோ அது குடிக்கவில்லை, ஊற்றிக்கொள்கிறது.

மறுபக்கம், நம் நாட்டில் ஜப்பானிய 'ஹாஃப்-கட்' தாராளமாகக் கிடைக்கிறது. பெயரே விளக்கம். ஜப்பானில் பழைய கார்கள் கடுமையான கட்டாயச் சோதனையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தாண்ட வேண்டும். அந்தச் செலவைவிடக் காரை விட்டுவிடுவதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விடப்பட்ட கார்கள் நடுவில் அறுக்கப்பட்டு, இஞ்சின், கியர்பெட்டி, ஒயர்களோடு முன்பாதி இங்கே வந்து சேர்கிறது.

அந்தக் குவியலில் மலைத் தோட்டக்காரர்கள் தேடிப்பிடிப்பது 4ஜேபி1 போன்ற பழைய இசுசு டீசல்களை. 2.8 லிட்டர், நான்கு சிலிண்டர். டர்போ இல்லாத வகை 170, 180 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்குவிசை தரும். டர்போ வைத்தது 200-ஐத் தாண்டும். எண்ணைப் பார்த்தால் பெரிய பாய்ச்சல் இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். உண்மைதான். இந்த இஞ்சினின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. இதற்குக் கணினி கிடையாது. டீசலைப் பீய்ச்சும் பம்ப் முழுக்க முழுக்க இயந்திரப் பொறி. ஓடத் தொடங்கிய பிறகு இதற்குத் தேவைப்படும் மின்சாரம் எரிபொருளைத் திறந்து மூடும் ஒரு சிறு வால்வுக்குப் போகும் ஒற்றை ஒயரில் அடங்கிவிடும். புதிய டீசல் இஞ்சின்களில் சென்சர்கள், கட்டுப்பாட்டுக் கணினி, அதோடு பேசும் சாவி என்று ஒரு குடும்பமே கூட வரும். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் இஞ்சின் அசையாது. மழையில் நனைந்து சேற்றில் புரளும் வண்டிக்கு ஒற்றை ஒயர் எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

உயரமும் ஒரு காரணம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 13 விழுக்காடு குறைவு. தானாக மூச்சு இழுக்கும் இஞ்சின் அந்த அளவுக்குத் திறனை இழக்கும். டர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

மண்தான் எல்லை

'பெரிய இஞ்சின் போட்டால் எந்த மேட்டையும் ஏறலாம்' என்பதுதான் பட்டறைகளில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாசகம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்றாம் வரிசை லேண்ட் ரோவரில் முதல் கியரின் விகிதம் 3.68. கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் குறைவேகப் பெட்டி 2.35. அச்சில் இருக்கும் பல்சக்கரம் 4.7. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 40.6 வரும். இஞ்சின் 40 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். முறுக்குவிசை 40 மடங்காகும். இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். நாம் நடப்பதைவிட மெதுவாக.

பழைய இஞ்சினின் 160 நியூட்டன் மீட்டர் இந்த வழியாகப் போனால் சக்கரங்களில் சுமார் 6,500 ஆகிறது. டயரின் ஆரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உராய்வில் போகும் கொஞ்சத்தைக் கழித்தும், கிட்டத்தட்ட ஒன்றரை டன் எடையைச் செங்குத்தாகத் தூக்கக்கூடிய இழுவை. வண்டியின் சொந்த எடையே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஈரச் செம்மண்ணில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்போ எடையில் பாதிகூட வராது. ஆகவே குறைவேக முதல் கியரில் பழைய இஞ்சினே தேவைக்கு அதிகம். அதன் பலம் தீர்வதற்கு வெகு முன்பே சக்கரம் வழுக்கிவிடும். நீங்கள் எத்தனை பெரிய இஞ்சின் வைத்தாலும் சேறு அதே சேறுதான்.

அப்படியானால் கூடுதல் முறுக்குவிசை எங்கே உதவும்? சாலையில். சுமையோடு மூன்றாவது கியரில் மலைச்சாலை ஏறும்போது பெருக்கல் மிகக் குறைவு; அங்கே இஞ்சினின் சொந்தப் பலம் பேசும். அதுகூட எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹாஃப்-கட் கடையில் பளபளக்கும் பந்தயக் கார் பெட்ரோல் இஞ்சினின் குதிரைத் திறன் இரண்டு மடங்கு இருக்கலாம். ஆனால் அதன் முறுக்குவிசை உச்சத்தை எட்டுவது 4,000, 5,000 சுற்றுகளில். பாறைக்கு மேல் அங்குலம் அங்குலமாக ஏற வேண்டிய வண்டிக்கு அது உதவாது. டீசல் 2,000 சுற்றுக்குள்ளேயே தன் பலத்தைக் கொடுத்துவிடுகிறது. நான் தேர்வு செய்வதாக இருந்தால் திறன் குறைந்த, மெதுவாகச் சுழல்கிற, டர்போ வைத்த சின்ன டீசலைத்தான் எடுப்பேன். இளைஞர்கள் சிரிக்கலாம்.

கூடுதல் முறுக்குவிசைக்கு ஒரு விலையும் உண்டு. 200 சொச்சம் நியூட்டன் மீட்டரை 40-ஆல் பெருக்கினால் எட்டாயிரத்தைத் தாண்டும். வழுக்கிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென ஒரு வேரையோ பாறையையோ பிடித்தால், அந்த வேகமும் விசையும் ஒரே நொடியில் அச்சுக்குள் ஓடும் தண்டில் இறங்கும். பழைய லேண்ட் ரோவரின் பின் அச்சுத்தண்டுகள் இப்படி முறிவதற்குப் பேர்போனவை. அவை 160-க்காகச் செய்யப்பட்டவை. உங்கள் புதிய இஞ்சின் எவ்வளவு தருகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. நீளமான 109 அங்குல மூன்றாம் வரிசை வண்டிகளில் இருக்கும் சாலிஸ்பரி பின் அச்சு வலுவானது. வண்டி வாங்கும்போதே குனிந்து அதைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு தட்டும் ஒரு கிளட்சும்

இனி பட்டறைக்குள் போகலாம். இசுசு இஞ்சினின் பின்முகத்தில் இருக்கும் போல்ட் துளைகள் வேறு, லேண்ட் ரோவர் கியர்பெட்டியின் முன்முகத்தில் இருப்பவை வேறு. இரண்டையும் சேர்த்து வைப்பது ஒரு தடித்த உலோகத் தட்டு. ஒரு பக்கம் இஞ்சினின் துளைகள், மறுபக்கம் கியர்பெட்டியின் துளைகள். பார்க்க எளிமை. ஆனால் நடுவில் இஞ்சினின் சுழல்தண்டும் கியர்பெட்டியின் உள்தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அனுமதிக்கப்படும் விலகல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது, ஒரு தலைமுடியின் கனம். அதை மீறினால் வண்டி ஓடத்தான் செய்யும். சில மாதங்களில் கிளட்ச் நடுங்கும், கியர்பெட்டியின் முன் பேரிங் ஊளையிடும், ஓட்டுகிறவர் கியர்பெட்டியைக் குறை சொல்வார்.

கிளட்ச் தட்டின் கதை இன்னும் வேடிக்கை. அதன் வெளிவட்டம் இசுசுவின் பிளைவீலுக்குப் பொருந்த வேண்டும். நடுவில் உள்ள பல்துளை லேண்ட் ரோவரின் தண்டுக்குப் பொருந்த வேண்டும். இரு வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட பொருள். கடையில் அப்படியே கிடைக்காது. நடுப்பகுதியை மாற்றி ரிவெட் அடித்துத்தான் செய்கிறார்கள்.

இந்த நுணுக்கமான கடைசல் வேலைக்கு நம் வட்டாரத்தில் ஆள் பஞ்சம் இருந்ததில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. காம்பாரில் இருக்கும் கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்றால், சரளைக் குழம்பை உறிஞ்சித் தூக்கும் பம்புகளைப் பார்க்கலாம். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் அத்தகைய பம்புகள் ஓடின. மணலும் கல்லும் பம்பின் உள்ளுறுப்புகளை அரித்துக்கொண்டே இருக்கும். வார்ப்பதும் கடைவதும் எந்த இஞ்சினை எந்தப் பம்போடு இணைப்பது என்ற கணக்கும் ஈப்போ வட்டாரப் பட்டறைகளின் அன்றாட வேலை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் மூடப்பட்டன. கடைசல் இயந்திரங்களும் அவற்றை ஓட்டத் தெரிந்த கைகளும் மட்டும் மிஞ்சின. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு லயத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் பலர் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக்காக எழுந்ததும் இப்படிப்பட்ட பட்டறைகளில்தான்.

பால்மரத்துக்கும் இந்த வண்டியில் ஒரு பங்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. 700 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 23 உதறல். டீசலின் உதறல் பெட்ரோலைவிட முரட்டுத்தனமானது. பழைய இரும்புத் தாங்கிகளையே வெட்டி ஒட்டி வைத்தால் அடிச்சட்டத்தில் பற்றவைத்த இடங்கள் ஆறு மாதத்தில் விரிசல் விடும். இஞ்சின் உட்காரும் ரப்பர்த் தாங்கிகள், அந்த 23-ஐவிட நன்றாகக் குறைந்த அதிர்வெண்ணில் ஆடும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் உதறல் அடிச்சட்டத்துக்கு இறங்காது. செயற்கை ரப்பர் எத்தனை வந்தாலும் இந்த வேலைக்கு இன்றும் இயற்கை ரப்பரே விரும்பப்படுகிறது. ஆயிரம் தடவை அமுக்கினாலும் அதிகம் சூடாகாமல் பழைய நிலைக்குத் திரும்பும் குணம் அதற்கு இருக்கிறது. நம் பேராக்கின் கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட கன்றுகளின் வழிவந்த பால், ஜப்பானிய இஞ்சினுக்கும் ஆங்கில அடிச்சட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து இருவரையும் சமாதானப்படுத்துகிறது!

பிரேக் மிதியின் இரகசியம்

இப்போது நான் எழுத வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். இதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் பிரேக் மிதியை அழுத்தும்போது உங்கள் காலோடு இன்னொரு கால் சேர்ந்து அழுத்துகிறது. 'சர்வோ' எனப்படும் வட்டமான டப்பா அது. அதன் ஒரு பக்கத்தில் வெற்றிடம், மறுபக்கத்தில் காற்று. காற்றின் அழுத்தம் மிதியைத் தள்ள உதவுகிறது. அந்த வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் இஞ்சினில் காற்று நுழையும் வாயில் ஒரு மடல் இருக்கிறது. முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் மடல் மூடிக்கொள்ளும், இஞ்சின் மூச்சுக்குத் திணறும், அந்தத் திணறலே வெற்றிடம். சர்வோவுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

டீசல் இஞ்சினில் அந்த மடல் இல்லை. காற்று எப்போதும் தடையின்றி உள்ளே போகும். டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகம் கட்டுப்படுகிறது. ஆகவே வெற்றிடமும் இல்லை. இதற்காகவே டீசல் வண்டிகளில் தனியாக ஒரு வெற்றிடப் பம்ப் வைக்கிறார்கள். இந்த இசுசு இஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உருளை. பார்த்தால் முக்கியமானதாகவே தோன்றாது. ஆல்டர்னேட்டர் இடிக்கிறது என்று வேறொன்றை மாற்றி வைக்கும்போது அது போயே போய்விடுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் அப்படி மாற்றப்பட்ட ஒரு வண்டியில் நான் ஏறிப் போயிருக்கிறேன். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். ஏற்றத்தில் வண்டி சிங்கம்போல் போனது. இறக்கத்தில் முதல் வளைவிலேயே ஓட்டுநர் இரண்டு கால்களாலும் மிதியை உதைத்து நின்றார். பிரேக் செத்துவிடவில்லை, கூட அழுத்த வேண்டிய அந்த இன்னொரு கால் இல்லை, அவ்வளவுதான். அன்று சுமை ஏற்றாமல் போனது எங்கள் நல்ல காலம்.

இதோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமையோடு இரண்டு டன் எடையுள்ள வண்டி தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு 1,400 மீட்டர் இறங்குகிறது. அது விடும் ஆற்றல் 27 மெகாஜூல். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் 90 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். காற்றின் தடையும் டயரின் உருளலும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதியை யார் வாங்குவது? இஞ்சின் அல்லது பிரேக். பழைய லேண்ட் ரோவரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். டிரம் சூடானால் விரிந்து, உள்ளே அழுத்தும் ஷூவை விட்டு விலகிப்போகிறது. மிதி இன்னும் ஆழமாக இறங்கும். ஷூவின் உராய்வுப் பொருளும் சூட்டில் பிடியை இழக்கும்.

அதனால் இறக்கத்தில் இஞ்சினைக் கொண்டு பிடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. டீசலின் அமுக்க விகிதம் 18-ஐ ஒட்டி இருக்கிறது, பழைய பெட்ரோலுக்கு 8 மட்டுமே, எனவே டீசல் நன்றாகப் பிடித்து நிறுத்தும் என்கிறார்கள். அமுக்கப்பட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல. அமுக்கும்போது வாங்கிய விசையில் பெரும்பகுதியை விரியும்போது பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். மடல் மூடிய பெட்ரோல் இஞ்சினின் திணறல்தான் உண்மையில் நல்ல பிடி. பெரிய டீசல் லாரிகளில் புகைக்குழாயை அடைத்துப் பிடிக்கும் தனி பிரேக் வைப்பதே இந்தக் குறையை ஈடுகட்டத்தான். ஆக, இஞ்சின் மாறியதும் இறக்கத்தில் உங்கள் பழைய பழக்கம் செல்லாது. பெட்ரோலில் மூன்றாவது கியரில் இறங்கிய இடத்தில் இரண்டாவதில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இஞ்சினுக்காக ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை எடுத்து வைக்க வேண்டியது பிரேக்குக்கு. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் டிரம், ஷூ, சிலிண்டர், ரப்பர்க் குழாய் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். அதன் பிறகு இஞ்சின் கடைக்குப் போகலாம்.

தண்ணீரும் தாளும்

மெதுவாக ஊரும் வண்டிக்கு முன்னாலிருந்து காற்று வராது. ரேடியேட்டரைக் குளிர்விப்பது விசிறி மட்டும்தான். ஆகவே பெரிய ரேடியேட்டரும், விசிறியைச் சுற்றி வளையமும் வேண்டும்; வளையம் இல்லாத விசிறி அதே சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருக்கும். ஓடையில் இறங்குகிறவர்களுக்கு டீசல் வசதி. நனைந்து அணையத் தீப்பொறி கிடையாது. ஆனால் காற்று நுழையும் குழாய் வழியாக ஒரு கோப்பைத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் போதும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனின் கம்பி வளையும். கூரை வரை உயர்த்திய மூச்சுக்குழாய் அழகுக்காக வைப்பதல்ல.

சட்டத்தை மறந்துவிடாதீர்கள். சாலையில் ஓடும் வண்டியின் இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும், வண்டி சோதனைக்குப் போக வேண்டும், புதிய இஞ்சின் எண் பதிவில் ஏற வேண்டும். இஞ்சின் முறையாக இறக்குமதியானது என்பதைக் காட்டும் தாள்களை ஹாஃப்-கட் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. சாலை வரி சிசி கணக்கில் என்பதால் 2.3 லிட்டர் 2.8 ஆகும்போது அதுவும் மாறும். பதிவில் ஓர் எண்ணும் இஞ்சினில் வேறோர் எண்ணும் இருந்தால், விபத்து நடந்த அன்று காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

டீசல் மலிவு என்ற பழைய கணக்கையும் திருத்திப் போடுங்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கு உதவித்தொகை உண்டு என்றாலும், விலை வித்தியாசத்தை நம்பி மட்டும் இஞ்சினை மாற்றுவது இனி புத்திசாலித்தனம் இல்லை. கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்கிறது, உதிரிப்பாகம் பக்கத்து ஊரில் கிடைக்கிறதா என்பவைதான் இப்போதைய கணக்கு.

வண்டி தயாரான பிறகு முதல் நாளே மலைக்குப் போகாதீர்கள். சமதரையில் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, தட்டின் போல்ட், தாங்கிகளின் போல்ட், தண்டுகளின் போல்ட் அத்தனையையும் மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பொருத்தியவை முதல் நூறில்தான் தளரும். சமதரையில் நிற்கும் வண்டியில் ஒரு சோதனையும் செய்யுங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு மிதியை நான்கைந்து தடவை அழுத்தினால் அது கல்லாகிவிடும். அழுத்தியபடியே இஞ்சினைக் கிளப்புங்கள். மிதி மெல்ல இறங்கிக் கொடுத்தால் வெற்றிடப் பம்ப் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை அப்படியே பட்டறைக்குள் தள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் காலை வெறும் வண்டியாக ரிங்லெட் வரை ஏறித் திரும்புங்கள். பாதி இறக்கத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவி வரும். ஓரமாக நிறுத்தி இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே ஒவ்வொன்றாகக் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்னவை இரண்டும் ஒரே சூடாக, பின்னவை இரண்டும் ஒரே சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் அந்த ஷூ விடுபடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. மற்ற மூன்றும் அதன் பங்கையும் சுமந்து இறங்கியிருக்கின்றன. பக்கத்தில் அருவி இருக்கிறதே என்று டிரம்மில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். கடையில் பெத்தாய் வாங்கிக்கொண்டு, அது தானாக ஆறும்வரை காத்திருங்கள்.